அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டிய தேதிகள்

உத்திரமேரூர் வட்டாரத்துச் சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிட்டு வருவது நம் அலுவல். சென்ற ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் மகாசபைக்கு நாம் சென்றிருந்தோம். வரவு செலவு அறிக்கை வாசிக்கப்பட்டு, இலாபப் பிரிவினையும் முடிந்து, நன்றி கூறும் கட்டம் வந்தபோது, பின்வரிசையில் அமர்ந்திருந்த அங்கத்தினர் ஒருவர் எழுந்தார். "பட்டுநூல் வரும் தேதியைப் பலகையில் எழுதுகிறீர்கள். கடன் தவணைத் தேதியை எழுதுகிறீர்கள். தள்ளுபடி விற்பனைத் தேதியையும் எழுதுகிறீர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு உரிய தேதியை எழுத மட்டும் ஆள் இல்லையா, ஐயா?" என்று நம்மைப் பார்த்தே கேட்டார்.

கேள்வியின் காரணத்தைப் பின்னர் விசாரித்தறிந்தோம். அவருடைய மகள் காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. இரசாயனம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானி ஒருவரிடம் இருந்து வேலை கற்கலாம், செலவுக்குப் பணமும் தருவார்கள் என்பது அவளுக்குத் தெரியவந்தது டிசம்பர் முதல் வாரத்தில். விண்ணப்பம் அனுப்பும் காலமோ நவம்பரோடு முடிந்துவிட்டது. ஒரு வாரம் பிந்தியதில் ஓர் ஆண்டு போயிற்று. தந்தையார் யார்மீதும் குறை சொல்லவில்லை, கேட்டார், அவ்வளவே. அன்று நம்மிடம் விடை இல்லை. பிள்ளைகளுக்கான தேதி சங்கத்தின் அலுவலா என்று நாமே அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

திருமுக்கூடல் காட்டும் வழி

கற்பவருக்குப் பொருளுதவி செய்வது நம் வட்டாரத்திற்குப் புதிய செய்தியன்று. பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் திருமுக்கூடலில், பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, கோயிலைச் சார்ந்து நடந்த கல்விச்சாலையையும், 15 படுக்கைகள் கொண்ட மருத்துவசாலையையும் பற்றிக் கூறுகிறது. மாணாக்கருக்கு உணவும், படுக்கப் பாயும், இரவில் விளக்கெரிக்க எண்ணெயும், சனிக்கிழமைகளில் தலைமுழுக எண்ணெயும் இவ்வளவென்று கணக்கிட்டு ஒதுக்கப்பட்டன. மாணாக்கன் படிக்க வேண்டுமானால் அவன் வயிற்றையும் விளக்கையும் முதலில் கவனிக்க வேண்டும் என்பதை அக்காலத்தார் நன்கு அறிந்திருந்தனர்.

அன்று அக்கல்வி ஒரு சிலருக்கே உரியதாயிருந்தது. இன்று நெசவாளர் மகளுக்கும் உழவர் மகனுக்கும் அது உரியதாகிவிட்டது. உதவியும் இல்லாமற் போகவில்லை. அஃது இருக்குமிடமும் அதைக் கேட்கும் காலமும்தான் நமக்குத் தெரியாமல் கிடக்கின்றன.

ஆராய்ச்சியால் நமக்கென்ன?

"ஆராய்ச்சி பெரிய படிப்புக்காரர் சமாசாரம், நமக்கு அதில் என்ன?" என்று கேட்கும் அங்கத்தினர்கள் உண்டு. அவர்களுக்கு நம் பக்கத்துச் சான்று ஒன்றைச் சொல்லுவோம். 1904ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது, அன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்ததும் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருப்பதுமான திரூரில். அந்தத் திரூரில்தான் நெல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. அங்கிருந்து வந்த டி.கே.எம். 6 என்னும் நெல்லைப் பெற்றோராகக் கொண்டே, பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 1969இல் ஐ.ஆர். 20 ரகத்தை வெளியிட்டனர். தண்டுத் துளைப்பான் புழுவைத் தாங்கும் குணத்திற்காகவே டி.கே.எம். 6 தேர்ந்தெடுக்கப்பட்டது. ஐ.ஆர். 20 பயிரிட்ட தகப்பன்மார் நம் வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். திரூர் வயலில் ஒருவர் கதிர் கதிராக எண்ணிப் பார்த்த வேலை, கடல் கடந்து சென்று நம் களத்துமேட்டிற்கே திரும்பி வந்தது.

வேர்க்கடலை பயிரிடுவோர்க்கு இன்னொரு சான்று. 1960இல் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தீவனத்தில் கலந்திருந்த கடலைப் பிண்ணாக்கில் ஒரு பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சே காரணம் என்று ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். அதற்கு அஃப்ளடாக்ஸின் என்று பெயர். ஈரம் காயாத கடலையை மூட்டை கட்டி அடுக்கினால் அந்தப் பூஞ்சணம் நம் கிடங்கிலும் வளரும். இன்று கடலையை வெளிநாட்டிற்கு அனுப்புவோர் முதலில் சோதித்துப் பார்ப்பது அந்த நஞ்சையே. நன்றாகக் காயவைக்கும் ஒரு வழியை மாணாக்கன் ஒருவன் கண்டு சொன்னால், அதன் பயன் நம் மூட்டையின் விலையில் தெரியும்.

நெசவாளர்க்கும் சான்று உண்டு. தோலில் பட்டால் கேடு விளைக்கக்கூடிய சில அசோ சாயங்களை ஜெர்மனி 1994இல் தடைசெய்தது. 1997இல் நம் நாட்டிலும் அத்தகைய சாயங்கள் தடைசெய்யப்பட்டன. எந்தச் சாயம் ஆகும், எது ஆகாது என்பது ஆராய்ச்சிக்கூடத்தில் தீர்மானமாயிற்று. அதன் விளைவோ சாயப்பட்டறை வாசலில் வந்து நின்றது.

உபகாரச் சம்பளத்தால் உயர்ந்த இருவர்

உபகாரச் சம்பளம் ஒரு மனிதரை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு இருவரைச் சொன்னால் போதும். தலைச்சேரியில் 1897இல் பிறந்த ஜானகி அம்மாள், சென்னையில் ஆசிரியையாக இருந்தபோது, ஆசியப் பெண்களுக்கென்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகம் வழங்கிய பார்பர் உபகாரச் சம்பளத்தைப் பெற்றுச் சென்று தாவரவியல் கற்றார். 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர்க் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பை வேறு புல்லினங்களோடு கலந்து ஆராய்ந்தார். முதிய வயதிலும், நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த மதுரவாயலில், சென்னைப் பல்கலைக் கழகத்தின் களநிலையத்தில் பணி செய்துகொண்டிருந்து, 1984இல் காலமானார்.

கும்பகோணத்தில் 1925இல் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் கோயம்புத்தூரில் விவசாயப் பட்டம் பெற்றவர். ஒரே சமயத்தில் போலீஸ் துறையின் உயர்பதவிக்கும், நெதர்லாந்தில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி செய்ய யுனெஸ்கோ அளித்த உதவித்தொகைக்கும் தேர்வு பெற்றார். அவர் தேர்ந்துகொண்டது உதவித்தொகையை. 1987இல் உலக உணவுப் பரிசை முதன்முதலாகப் பெற்றவர் அவரே. அப்பரிசுப் பணத்தைக் கொண்டு அடுத்த ஆண்டில் சென்னையில் அவர் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் இன்றும் தரமணியில் இயங்கி வருகிறது. உரிய காலத்தில் கிடைத்த ஓர் உதவித்தொகை, பல்லாயிரம் மாணாக்கருக்கு வாசல் திறந்துவிட்டது.

இன்றுள்ள உதவிகள்

இனி, நம் பிள்ளைகள் கேட்கக்கூடிய உதவிகளைச் சொல்லுவோம். விதிகளும் தொகைகளும் ஆண்டுக்காண்டு மாறக்கூடுமாதலின், விண்ணப்பிக்குமுன் அவ்வாண்டின் அறிவிப்பைப் படித்துக்கொள்ளல் வேண்டும்.

முதலாவது, கல்லூரிக்குப் போய்வரும் செலவு. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி பெறும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. இவை ஆராய்ச்சிக்கென்று ஏற்பட்டவை அல்ல. ஆயினும் பஸ் கட்டணத்திற்கு வழியில்லாத பிள்ளை ஆராய்ச்சிக்கூடம் வரை எங்ஙனம் போய்ச் சேரும்?

இரண்டாவது, இன்ஸ்பயர் என்னும் மத்திய அரசாங்கத் திட்டம். 2008இல் ஏற்பட்ட இத்திட்டத்தின்படி, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் முதல் நூற்றுக்கு ஒருவர் என்னும் வரிசையில் தேறி, கல்லூரியில் இயற்பியல், இரசாயனம், தாவரவியல், விலங்கியல் போன்ற அடிப்படை விஞ்ஞானப் பாடங்களை எடுத்துப் படிப்போருக்கு ஆண்டொன்றுக்கு 80,000 ரூபாய் உண்டு. அதில் 60,000 ரூபாய் மாணாக்கர் கையில் சேரும். 20,000 ரூபாய் கோடைக்கால ஆராய்ச்சிப் பணிக்கென்று ஒதுக்கப்பட்டது.

மூன்றாவது, மேற்சொன்ன நெசவாளர் மகள் தவறவிட்ட உதவி. பெங்களூர், டில்லி, பிரயாக்ராஜ் ஆகிய மூன்று இடங்களிலுள்ள விஞ்ஞானக் கழகங்கள் ஒன்றுகூடி, கோடை விடுமுறையில் இரண்டு மாதம் மாணாக்கரையும் ஆசிரியரையும் நாட்டின் சிறந்த விஞ்ஞானிகளிடம் அனுப்புகின்றன. தங்குவோர்க்கு உதவித்தொகையும் பயணப்படியும் உண்டு. விண்ணப்பம் பெரும்பாலும் நவம்பர் இறுதியில் முடிந்துவிடும். தான் என்ன ஆராய விரும்புகிறான் என்பதை மாணாக்கன் சுருக்கமாக எழுத வேண்டும். அவனை அறிந்த ஆசிரியர் ஒருவர் சிபாரிசுக் கடிதம் தர வேண்டும். இவ்விரண்டும் ஒரே நாளில் ஆகக்கூடியவை அல்ல. ஆதலால் செப்டம்பரிலேயே தொடங்குதல் நன்று.

நான்காவது, விவசாயக் கல்லூரியில் படிப்போருக்கு உரியது. இறுதியாண்டில் அவர்கள் கிராமத்தில் தங்கி உழவரோடு பணி செய்யும் திட்டம் ஒன்றுண்டு. இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் 2015இல் அதனை வேறு சில பயிற்சிகளோடு இணைத்து விரிவாக்கியது. அதன் விதிப்படி மாதம் 3,000 ரூபாய் வீதம் ஆறு மாதங்களுக்கு உதவித்தொகை உண்டு.

ஐந்தாவது, தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் மாணவர் ஆய்வுத் திட்டம். விஞ்ஞானம், பொறியியல், விவசாயம் முதலியவற்றில் இறுதியாண்டு படிப்போர், தம் கல்லூரி வாயிலாக விண்ணப்பித்து, தாம் செய்யும் ஆய்வுக்குச் சிறு தொகை பெறலாம். சோதனைக்கு வேண்டிய இரசாயனங்களும் கண்ணாடிக் குழாய்களும் வாங்க அத்தொகை உதவும்.

பட்ட மேற்படிப்பு முடித்தோருக்கு வழி இன்னும் அகன்றது. தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆராய்ச்சியாளராகத் தேறுவோருக்கு, 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. சுற்றுப்புற விஞ்ஞானமும் மனையியலும் அத்தேர்வின் பாடங்களில் உள்ளன. தமிழக அரசாங்கம் அண்ணா பல்கலைக் கழகத்தின் துணையோடு தொடங்கிய முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டம், பட்டம் பெற்ற இளைஞரை இரண்டாண்டுக் காலம் மாவட்டங்களில் சுற்றுப்புறப் பணியில் ஈடுபடுத்துவது. உணவுத் துறையில் ஆர்வமுள்ளோர் மைசூரில் 1950இல் நிறுவப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தையும், தஞ்சாவூரிலுள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். பின்னது, அறுவடை மழையில் நனைந்த நெல்லைக் காப்பது எப்படி என்ற கேள்வியோடு 1967இல் திருவாரூரில் ஒரு சிறு ஆய்வுக்கூடமாகப் பிறந்தது.

எச்சரிக்கை ஒன்று

இன்டர்ன்ஷிப் என்று பிள்ளைகள் சொல்லும் களப் பயிற்சி எல்லாவற்றிற்கும் பணம் கிடைப்பதில்லை. பல நல்ல நிறுவனங்கள் இடம் கொடுக்கும், மேசை கொடுக்கும், கற்றும் கொடுக்கும். விடுதி வாடகையும் சாப்பாடும் மாணாக்கர் பொறுப்பு. இதனாலேயே கைத்தறிக் குடும்பத்துப் பிள்ளைகள் பின்வாங்குகின்றனர்.

இன்னொரு வகையும் உண்டு. கைப்பேசியில் விளம்பரம் செய்து, பணம் கட்டினால் பயிற்சிச் சான்றிதழ் அனுப்புவதாகச் சொல்லுவார்கள். அத்தகைய சான்றிதழை எந்த ஆராய்ச்சிக்கூடமும் பொருட்படுத்தாது. சிறு விண்ணப்பக் கட்டணம் வேறு. பயிற்சி தருவதற்கே பெருந்தொகை கேட்பது வேறு. சந்தேகம் தோன்றினால், பணம் கட்டுமுன் கல்லூரி ஆசிரியரைக் கலந்துகொள்க.

நம் ஊருக்கு வரும் மாணாக்கர்

இதுகாறும் நம் ஊரை விட்டுச் செல்லும் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னோம். நம் ஊருக்கு வருபவரும் உண்டு. விவசாயக் கல்லூரி மாணவியர் சிலர் ஒரு சிற்றூரில் தங்கியிருந்தபோது நாம் சென்று பார்த்தோம். கோயில் வாசலில் வண்ணக் கோலப்பொடியால் ஊரின் வரைபடத்தை உழவர் கையாலேயே போடச் செய்தனர். ஏரி, மதகு, கால்வாய், களம் எல்லாம் தரையில் தோன்றின. ஓரிடத்தில் பெரியவர் ஒருவர் குனிந்து, "இங்கே ஒரு கால்வாய் இருந்தது, தாயே, இப்போது இல்லை" என்று விரலால் கோடு இழுத்தார். அந்தக் கோடு அம்மாணவியின் குறிப்பேட்டில் ஏறிற்று. மறுநாள், உப்புக் கரைத்த நீரில் முட்டையை மிதக்கவிட்டு, அந்நீரில் பதரை நீக்கி விதைநெல்லைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் செய்து காட்டினர்.

இத்தகையோரை அந்நியராக எண்ணலாகாது. உத்திரமேரூர்க் கல்வெட்டில், பராந்தக சோழன் காலத்தில், குடவோலை வழியே தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியம் ஒன்று. கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடலாகாது என்பதும் அக்கல்வெட்டின் விதி. ஏரிக்குக் கணக்கு வைத்த ஊர் இது. இன்று ஏரியின் ஆழத்தையும் நீரின் குணத்தையும் அளக்க வரும் மாணாக்கன் அந்தப் பழைய கணக்கையே தொடர்ந்து எழுதுகிறான்.

ஓர் அச்சம்

மேற்சொன்ன மகாசபையில் இன்னொரு குரலும் எழுந்தது. அந்தப் பெண், கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் இட்ட நீரில் காய்ச்சிப் பசையை நீக்கியபின் எஞ்சும் கழிவுநீரையும், சாயம் தோய்த்தபின் கொட்டும் நீரையும் ஆராய விரும்பினாள். "நம் பிள்ளையே நம் நீரைச் சோதித்துக் கெட்டதென்று எழுதிவிட்டால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நம் பட்டறையை மூடாதா?" என்று நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் கேட்டார். பிழைப்பைப் பற்றிய அச்சம் அது. அதனை இகழ்தல் தகாது.

ஆயினும் திருப்பூரை நினைத்துப் பார்க்க வேண்டும். சாயக் கழிவு நொய்யலாற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழேயுள்ள உழவரின் நிலம் பாழாயிற்று. முடிவில் 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நம் பட்டறைகள் அளவில் மிகச் சிறியவை. அங்கு நேர்ந்தது இங்கும் நேரும் என்று நாம் சொல்லவில்லை. நோயை முதலில் வீட்டார் அறிவது நல்லதா, ஊரார் அறிவது நல்லதா என்பதே கேள்வி. மேலும், பட்டைக் காய்ச்சிய நீரில் கரைந்திருக்கும் செரிசின் என்னும் பசை, மீட்டெடுத்தால் பயன்படும் பொருள் என்று ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். நாம் கொட்டுவது என்ன என்பதை அறிந்தாலல்லவா அதன் மதிப்பு தெரியும்? நம் நெசவாளர் கொட்டும் நீர் நம் உழவர் பாய்ச்சும் நீரோடு கலக்கும் ஊர்களில், இஃது இரு சங்கங்களுக்கும் பொதுவான வழக்கு.

சங்கம் செய்யக்கூடியது

முதலாவது, பலகை. அறிவிப்புப் பலகையில் ஒரு மூலையைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குக. செப்டம்பர் வந்ததும், "கோடை ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்கும் காலம்; ஆசிரியரைப் பாருங்கள்" என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதினால் போதும். இதற்குச் செலவில்லை.

இரண்டாவது, பதிவேடு. அங்கத்தினர் குடும்பத்தில் கல்லூரியில் படிப்போர் யார், என்ன பாடம், எந்த ஆண்டு என்பதைக் காரியதரிசி ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு ஆகியவை ஆயத்தமாக உள்ளனவா என்று ஜூன் மாதத்திலேயே கேட்டுவிட வேண்டும். கடைசி வாரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடுவதால் விண்ணப்பங்கள் தவறுகின்றன.

மூன்றாவது, கடிதம். "எங்கள் சங்கத்தின் பட்டறையில், கிடங்கில், வயலில் இம்மாணாக்கர் ஆய்வு செய்ய இசைகிறோம்" என்று முத்திரையிட்ட ஒரு கடிதம், விண்ணப்பத்திற்கு வலிமை தரும். அதற்கு ஈடாக ஒன்று கேட்க வேண்டும்: ஆய்வு முடிந்ததும் முடிவைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி, மகாசபையில் வாசிக்க வேண்டும். வந்து அளந்து சென்றவர் பலர். திரும்பி வந்து சொன்னவர் சிலரே.

நான்காவது, பணம். இலாபமுள்ள சங்கங்கள் கூட்டுறவுக் கல்வி நிதிக்குப் பங்கு செலுத்தி வருகின்றன. அதுவன்றிப் பொதுநன்மை நிதி வைத்துள்ள சங்கங்கள், துணைவிதியில் இடமிருக்கிறதா என்று பார்த்து, நிர்வாகக் குழுத் தீர்மானமும் மகாசபை ஒப்புதலும் பெற்று, ஆண்டுக்கு ஒரு பிள்ளையின் இரண்டு மாதச் சாப்பாட்டுச் செலவையேனும் ஏற்கலாம். அவ்வாறு எழுதப்பட்ட செலவுச் சீட்டு முறையாக இருக்குமாயின், தணிக்கையில் அதற்கு எவரும் தடை சொல்ல மாட்டார்கள்.

அந்த நெசவாளர் மகள் இப்போது இறுதியாண்டில் இருக்கிறாள். தவறிய கோடை திரும்பி வராது. ஆனால் சங்கம், நீண்ட விவாதத்திற்குப் பின், ஒரு வாக்கு வித்தியாசத்தில், அவளுக்குக் கடிதம் கொடுக்கத் தீர்மானித்தது. அவள் இரண்டு பட்டறைகளிலிருந்து புட்டிகளில் நீர் எடுத்து, மாநில மன்றத்தின் மாணவர் ஆய்வுத் திட்டத்திற்குக் கல்லூரி வாயிலாக விண்ணப்பித்திருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை. தொகை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஆய்வை முடிப்பதாகச் சொன்னாள். அடுத்த மகாசபையில் வாசிப்பதாகவும் ஒப்புக்கொண்டாள்.

சென்ற வாரம் அச்சங்கத்தின் வழியே சென்றபோது பலகையைப் பார்த்தோம். நூல் விலைக்கும் தவணைத் தேதிக்கும் கீழே, வேறு கையெழுத்தில், ஒரு புதிய வரி இருந்தது. கல்லூரிப் பிள்ளைகள் தம் பெயரைக் காரியதரிசியிடம் பதிந்துகொள்க என்பதே அவ்வரி. நம் வட்டாரத்துச் சங்கங்கள் ஒவ்வொன்றிலும் அவ்வரியைக் காண விரும்புகிறோம். அடுத்த பார்வையிடலின்போது, ரொக்கப் புத்தகத்தைக் கேட்குமுன் பலகையைப் பார்ப்போம் என்பதை அன்பர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறோம்.